அக்சாவின் கால் அச்சு

1
இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டிலிருந்து கிடைத்தது. ஒட்டுக்கேட்கவில்லை, அவர்கள் மெதுவாகப் பேசாதது என் குற்றமா?

“ஆம்பூரில் ஒரு தகப்பன் இருந்தா—” வேண்டாம், பிரசங்கம் மாதிரி இருக்கிறது. உப்புத்தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

2
எதிர்வீட்டு நத்தானியேலுக்குத் தோல் கம்பெனியில் பஃபிங் வேலை. கொம்பு கீறியது, உண்ணி கடித்தது என்று எல்லாத் தழும்பையும் தேய்த்து, அந்த மாட்டுக்கு வாழ்க்கையில் ஒன்றுமே நடக்காதது போல ஆக்கிவிடுவார்.

மகள் அக்சாவுக்குப் பிறவியிலேயே வலது காலில் ஒரு புடைப்பு. கடை ஷூ எதுவும் நுழையாது. கல்யாணத்தன்று சர்ச்சுக்குள் ஷூ போட்டு நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தெரிந்த பட்டறையில் அவள் காலை அளவெடுத்து அலுமினியத்தில் அச்சு வார்த்துக் கொடுத்தார்கள். அதன்மேல்தான் ஷூவை இழுத்துத் தைக்க வேண்டும். வார்ப்பு ஒரே சொரசொரப்பு.

ஹார்டுவேர் கடை ஷபீ அஹமது, இருநூற்றிருபது நம்பர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு நானூறு போடச் சொன்னார். அலுமினியம் மிருது, சீக்கிரம் கரைந்துவிடும் என்றார்.

“தோலுக்கே நூத்தம்பது போடறேன் பாய். இதுக்கு எண்பது குடு,” என்றார் நத்தானியேல்.

[நம்பர் குறைந்தால் தாள் முரடு. இவ்வளவு தெரிந்தால் போதும்.]

3
ஞாயிறு முழுக்க மாடியில் தேய்த்தார். ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. இதை நான் பாஸ்டரிடம் சொல்லவில்லை; அவர் மனைவியிடம்தான் சொன்னேன்.

வார்ப்பின் சொரசொரப்பு போயிருந்தது. அதன்மேல் தைத்து வந்த ஷூவும் கண்ணைப் பறித்தது. அக்சாவின் கால் மட்டும் நுழையவில்லை. அச்சில் புடைப்பு இருந்த இடத்தை அவர் தேய்த்துச் சமமாக்கியிருந்தார்.

“ஷூ நல்லாத்தாம்பா கீது,” என்றாள். “என் காலுதான் ஜாஸ்தி.”

அவருக்கு ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன்: “கை தானா போய்ட்ச்சும்மா, பழக்க—” அடித்துவிட்டேன். பழக்கம்தானா? அந்தப் புடைப்பில்லாத மகளை ஒருமுறையாவது பார்க்க ஆசைப்பட்டாரா? அவருக்கே தெரிந்திருக்காது.

4
ஒரு முடிவு: வெறுங்காலோடு நடக்கிறாள், சபையே அழுகிறது. (எங்கள் சபை அழாது. பிரியாணி ஆறிவிடும்.)

இன்னொன்று: எல்லாம் சரியாகிற— நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நடந்தது இதுதான். தேய்ந்த அலுமினியம் திரும்ப வளராது. அந்த இடத்தில் தோல் துண்டு ஒட்டி உயர்த்தலாம். அதற்கு அளவு வேண்டும். நேற்று அவர் தரையில் உட்கார்ந்து, மகளின் காலை மடியில் வைத்து, புடைப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

“வலிக்குமாம்மா இது?”

அக்சா பதில் சொல்லவில்லை. அவளுக்காக நான் எழுதிப் பார்த்த பதில்களில் எல்லாம் அப்பாவை மன்னித்துவிடுகிறாள். அதனாலேயே ஒன்றையும் நான் நம்பவில்லை. அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். எழுதுவது உங்கள் பாடு. அவசரப்படாதீர்கள்.