கதவுக்குப் பின்னால் குடை

அக்கா சண்டை போடும் சத்தம் கேட்டதும் சின்னவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்த வீட்டில் ஒரு சண்டை நடந்து எவ்வளவு காலமாயிற்று!

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து அக்காவின் காதுகளை மொத்தமாக அடைத்துவிட்டுப் போனது. அதற்கு முன்பு அவளும் அத்தானும் பேசாத பேச்சில்லை, போடாத சண்டையில்லை. இப்போது எதைச் சொல்வதானாலும் அவள் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரிய, நிறுத்தி நிறுத்திச் சொல்லவேண்டும். அத்தான் கெட்டவரில்லை. நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வருகிற மனுஷன், எத்தனை தடவைதான் சொல்வார்? முதலில் பொறுமையாகச் சொன்னார். அப்புறம் "ஒண்ணுமில்ல, விடு" என்று கையை ஆட்டப் பழகிக்கொண்டார். அந்த "விடு" மட்டும் அக்காவுக்கு உதட்டைப் பார்க்காமலே புரிந்துவிடும். கூடவே தங்கியிருக்கும் சின்னவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

சின்னவளுக்கு உள்ளூர் வானொலியில் கதை எழுதும் வேலை. ஒரே கதையை இரண்டு விதமாகச் சொல்லவேண்டும் என்பது நிலையத்தை நடத்தும் மேடத்தின் ஏற்பாடு. பாதிக் கதை சாயங்காலம் ஒலிபரப்பாகும். மீதி, படங்களாக வாராவாரம் பஸ் நிறுத்தங்களில் ஒட்டப்படும். கேட்கிறவன் பார்க்க ஓடவேண்டும், பார்க்கிறவன் கேட்க ஓடவேண்டும், ஊரே நம் பின்னால் வரும் என்று மேடம் கணக்குப் போட்டார். சின்னவளுக்கு ஊரா முக்கியம்? அத்தான் பணிமனையில் டீ குடித்துக்கொண்டே கதை கேட்பார். அக்கா பஸ்ஸுக்கு நிற்கும்போது படம் பார்ப்பாள். ஆளுக்குப் பாதியைக் கொடுத்தால் மீதிக்காவது ஒருத்தரை ஒருத்தர் கேட்கமாட்டார்களா என்று நினைத்தாள். ம்ஹூம். இரண்டு பேரும் அவரவர் பாதியோடு நிம்மதியாக இருந்தார்கள். நல்ல ஜோடி!

இன்றைக்குத்தான் வெடித்திருந்தது. கதையில் வரும் கடிகாரம் ரிப்பேர் செய்பவன், தையல்காரியிடம் இரவல் வாங்கிய சிவப்புக் குடையைப் பற்றிய தகராறு.

"அவன் ரூம் கதவுக்குப் பின்னாடியே தொங்குதுங்க. நானே பார்த்தேன்" என்றாள் அக்கா.

அத்தான் அவள் முன்னால் வந்து நின்றார். "தொலைஞ்சு போச்சுன்னு அவனே சொல்றான். சத்தியம் பண்றான். அழுதுட்டான்டி."

சின்னவளுக்குப் பகீரென்றது. குடை கதவில் தொங்குவது அவள் முதலில் எழுதியது. பிறகு தொலைத்துவிட்டதாக மாற்றினாள். மாற்றியதைப் படம் வரைகிறவரிடம் சொல்ல மறந்தே போனாள்.

அதற்குள் மேடத்துக்கும் விஷயம் எட்டி, போன் வந்துவிட்டது. வாசலில் நின்றபடியே சின்னவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். காலையில் குடை இல்லாமல் புதுப் படம் வரைந்து, பழையதன் மேலேயே ஒட்டிவிடவேண்டும் என்றார் மேடம். சரி என்று சொல்ல வாயெடுத்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அத்தான் இன்னும் அக்காவின் எதிரிலேயே நின்று விரலை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தார். நாளைக்குக் குடை போய்விட்டால் இதுவும் போய்விடும்.

"வேண்டாம் மேடம். படம் சரிதான். அவன்தான் பொய் சொல்றான்."

"எதுக்குப் பொய் சொல்லணும்?"

"குடையத் திருப்பிக் குடுத்துட்டா, அப்புறம் அவகிட்ட பேச என்ன இருக்கு?"

 அப்படியே எழுதிக் கொண்டுவா, ஆனால் இன்னொரு தடவை இப்படி மறந்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லி மேடம் போனை வைத்துவிட்டார்.

உள்ளே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எப்படி அழுதான்? சொல்லிக் காட்டுங்க பார்ப்போம்."

அத்தான் இங்கேயும் அங்கேயும் பார்த்தார். கூச்சம். பிறகு முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, கடிகாரக்காரனின் வசனத்தை உதடு நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அழுகிற இடத்தில் மூக்கைக்கூட உறிஞ்சினார். தையல்காரி பதில் சொல்லவேண்டிய இடம் வந்ததும் எழுந்து எதிர் நாற்காலிக்குப் போனார். சொல்லிவிட்டுத் திரும்ப ஜன்னலுக்கு வந்தார். மறுபடி எழுந்தார். அக்காவின் முகமும் அவரோடு சேர்ந்து அங்கேயும் இங்கேயும் திரும்பிக்கொண்டிருந்தது.