இருபத்துநாலு போர்ட் பெட்டி

கமலக்கண்ணனுக்கு எதிலும் கம்பெனிகளில் ஓடுகிற பெரிய சாமான்தான் வேண்டும். ஓசூர்த் தொழிற்சாலையில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வருடக்கணக்காக நின்றவன். வீட்டுக்கென்று விற்பதெல்லாம் அவனுக்குப் பொம்மை.

வீட்டில் இருந்தது இரண்டே கம்ப்யூட்டர். கூடத்தில் இருப்பது அவனுடையது, படுக்கையறையில் இருப்பது மனைவி மோகனப்ரியாவுடையது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிந்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் வேலைக்கு அவளைச் சோதனையாக எடுத்திருந்தார்கள். தப்பு குறைந்தால் வேலை நிரந்தரம். புதிதாக வந்த பிராட்பேண்டை இரண்டுக்கும் பிரிக்க, ஒயர் சொருகும் போர்ட்டுகள் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று தேவைப்பட்டது.

"உள்ளங்கை அளவுல அஞ்சு போர்ட் ஸ்விட்ச் இருக்காம். நமக்கு அது போதுங்க," என்றாள் கம்ப்யூட்டர் கடையில்.

"உனக்கென்ன தெரியும்? சோறாக்கற குண்டானா வாங்கறோம்?" என்று கமலக்கண்ணன் சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு சிப்காட் பக்கம் பழைய சாமான் கடையில், ஏதோ ஆபீஸ் கழித்த இருபத்துநாலு போர்ட் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்து, சத்தமே இல்லை என்று தூக்கி வந்தான். நாளெல்லாம் பிரஸ் இடிக்குப் பழகிய காதுக்கு எதுதான் சத்தம்? அவள் மேசைக்கு மேலேயே அதை மாட்டினான்.

சில நாள் கழித்து மாடிவீட்டு சரோஜம்மாள் படியில் மறித்தாள். "ஏம்பா, ஊட்டுக்குள்ள மாவு மிஷின் போட்டிருக்கியா? மேல வரைக்கும் கொய்யுங்குது."

உள்ளே வந்து பெட்டியில் காதை வைத்தான். சூடு தணிக்க உள்ளே வைத்திருந்த காத்தாடி ஊளையிட்டது. அப்போதே கழற்றியிருக்கலாம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டான்; அந்த நாளை வரவேயில்லை.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தபோது மோகனப்ரியா டைப் வேலை கொடுத்த மேடத்திடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "ஆமா மேடம், நெறைய விட்டுப்போச்சு. என் காதுதான் மந்தமாயிருச்சு போல. டாக்டர்கிட்ட காட்டறேன். இன்னொரு தடவ குடுத்துப் பாருங்க."

பெட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கமலக்கண்ணன் வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனான். மேசைக்கு மேலே எட்டிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். ஊளை சட்டென்று நின்றது.

அவள் போனைக் கையால் பொத்தினாள். "கரண்ட் போயிருச்சா?"

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்ட் இருக்குது. உன் காதும் நல்லாத்தான் இருக்குது. எல்லாம் நான் பண்ணது. போனக் குடு, மேடத்துகிட்ட நானே சொல்றேன்."

அவள் கொடுக்கவில்லை.

"மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க போயி, அன்னிக்கு உங்ககூடச் சேந்து சிரிச்ச அந்தக் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க."