பித்தப்பை

கணேசபாண்டியன் விட்ட உதையில் பூலோகம் பாதி கட்டிய பாடையின் மேல் போய் விழுந்தான். மூங்கில் முனை வாயைக் கிழித்தது.

“எந் தங்கச்சி தாலிய அறுத்துட்டியேலே!”

மறுபடி உதை விழுந்தது. தாராவிச் சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. உள்ளே செத்துக் கிடந்த புருஷன் சொரிமுத்துவின் தலைமாட்டில் இருந்த அவன் தங்கச்சி முப்பிடாதியம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“விடுங்க பாண்டியண்ணே, மய்யித்து கிடக்கு,” என்று தோல் கிடங்கு ஜமால் குறுக்கே விழுந்தார். அவருக்கும் ஒரு குத்து கிடைத்தது.

சொரிமுத்துவுக்குக் குடலில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்து, அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் தம்பி பூலோகம், தான் மூட்டை தூக்கும், ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியிலிருந்து தினமும் விடியலில் ஆட்டுப் பித்தப்பையை இலையில் சுற்றிக் கொண்டுவந்தான். அந்தக் கசப்பு கட்டியைக் கரைத்துவிடும் என்று சந்தில் எல்லோருமே நம்பினார்கள்.

நேற்று டாக்டர், பித்தப்பை கொடுத்ததைக் கேள்விப்பட்டதும் நெற்றியைத் தடவினார். பித்தநீர் குடல் கட்டியை வளர்க்கலாம் என்று சிலர் சந்தேகப்படுவதாகவும், இன்னும் ருசுவாகவில்லை என்றும் சொன்னார். கணேசபாண்டியன் முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

“இந்தப் பய கொள்ளி வைக்கக் கூடாது. பிள்ளை இல்லாட்டா என்ன, நான் வைக்கேன்.”

பூலோகம் ரத்தத்தைத் துப்பினான். “அடிங்க மச்சான். நாந்தான் எங்கண்ணனைக் கொன்னுட்டேன்.”

கணேசபாண்டியன் மூங்கிலைக் கையில் எடுத்தான். முப்பிடாதியம்மாள் நடுவில் வந்து நின்றாள்.

“டாக்டரு சந்தேகம்னுதான் சொன்னாரு. நானும் அங்கனதான நின்னேன்.”

“தள்ளுட்டி.”

“கொண்டாந்தது அவன். பல்ல நெம்பி, வாயில பிழிஞ்சது நானு. வேண்டாம் வேண்டாம்னு கைய எடுத்துக் கும்பிட்டாரு. மூக்கப் பிடிச்சு விழுங்க வச்சேன். அடிக்கணும்னா என்ன அடி.”

அவன் மூங்கிலைப் போட்டுவிட்டு அடித்தான். கன்னத்தில் விழுந்த அறையில் அவள் தலை கதவில் மோதியது. அடித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் நின்றான். ரயில் ஒன்று மாட்டுங்கா பக்கம் கூவிக்கொண்டு போயிற்று.

முப்பிடாதியம்மாள் கதவைப் பிடித்து நிமிர்ந்தாள். கொள்ளி வைப்பவன் சுமந்து வந்து பிணத்தைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்காகக் குழாயடியிலிருந்து பிடித்து வைத்திருந்த குடத்தைத் தூக்கினாள்.

“குனிலே, பூலோகம்.”

“மைனி...”

“குனி.”

குடத்தை அவன் தோளில் வைத்தாள். தண்ணீர் தளும்பி, அவன் வாயோரத்து ரத்தத்தைக் கரைத்துக்கொண்டு சட்டையில் இறங்கிற்று. குடம் சரியாமல் இருக்க, அவள் ஒரு கையால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே உடன் நடந்தாள்.