மனைவியின் மாத்திரை

மூன்று மாடிக்கு டைல்ஸ் கேட்டு வந்த காண்ட்ராக்டர் ஒரு மணி நேரம் இழுபறி செய்துவிட்டுத்தான் விலைக்குப் படிந்தார். படிந்ததும் வழக்கம்போல் கடையின் உள்ளறையில் பாட்டில் திறக்கப்பட்டது. அந்த வியாபாரத்தில் கையெழுத்தைவிடக் கிளாஸுக்குத்தான் மதிப்பு.

கடைக்காரருக்கு ஹெபடைட்டிஸ் பி. கல்லீரலில் வைரஸ் குடித்தனம் வைத்துப் பல வருஷம். மாத்திரையை விடக்கூடாது, உடம்பைக் குறைக்கணும், குடியைத் தொடவே கூடாது என்ற டாக்டரிடமும், "விசேஷத்துக்கு மட்டும் கொஞ்சம்?" என்று பேரம் பேசிப் பார்த்தவர் அவர்.

"ஈரல் தள்ளுபடி தராதுங்க. இப்பவே தழும்பு விழ ஆரம்பிச்சிருச்சு" என்றுவிட்டார் டாக்டர். கடைக்காரரோ வீட்டில் மட்டும் குடியை 'விட்டாச்சு' என்று சொல்லிவைத்திருந்தார்.

காண்ட்ராக்டரின் கண் மேசைமேல் இருந்த டப்பாவில் விழுந்தது. "என்ன முதலாளி, இது ஈரல் மாத்திரையாச்சே? உங்களுக்கா?"

"சேச்சே! வீட்டுக்காரியோடது. அவளுக்குத்தான் ஏதோ வைரஸாம்." கூசாமல் சொல்லிவிட்டுக் கிளாஸை எடுத்தார்.

வாசலில் சாப்பாட்டுக் கேரியருடன் மனைவி நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் உள்ளே வந்து, விருந்தாளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"வேணாம்மா... வேணாம்!" காண்ட்ராக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

நீட்டிய கை, எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

கடைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. பாதி விலைக்குச் சரக்கைத் தள்ளிவிட்டபோதுகூட அவர் இப்படிக் குறுகியதில்லை. எழுந்து அவள் கையிலிருந்த தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"மாத்திரை என்னுதுண்ணே. நோய் எனக்குத்தான். அவ தடுப்பூசி போட்டவ, அவளுக்கு ஒண்ணுமில்ல."

"அடப்பாவி! சொல்லியிருந்தா டீயிலயே முடிச்சிருக்கலாமேய்யா!" காண்ட்ராக்டர் அவள் முகத்தைப் பார்க்கத் திணறினார். "தங்கச்சி, ஒட்டிக்குமோன்னு..."

"தண்ணி குடுத்தா ஒட்டாதுண்ணே. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாலும் ஒட்டாது" என்றாள் மனைவி.

கடைக்காரர் மதுவைக் கை கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். "வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான்..." என்றார், தலை நிமிராமல்.

"நோய் வந்ததுக்கு வெக்கப்பட ஒண்ணுமே இல்லீங்க" என்றாள் அவள். "மாத்திரையை முழுங்கி, குடியை விட்டு, நாலு தெரு நடந்தா அதோடயே காலம் தள்ளலாம். அதை மறைக்கறதுக்காகக் குடிச்சு உசுரை விடப் பாத்தீங்களே, அதுக்கு வெக்கப்படுங்க."