தூது வந்த மயினி

மார்பில் மாலை வாடிக் கிடக்க அவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான், உள்ளே அவன் மனைவி கதவில் கைவைத்து நிற்கிறாள், திறக்கவில்லை, இன்னொருத்தி வீட்டிலிருந்து திரும்பியவனுக்குப் பரிந்து பேச ஒரு பாணன் முன்னால் வந்திருக்கிறான், அஞ்சல்வழி எம்.ஏ. வகுப்பில் அந்தப் பழம்பாட்டுக்கு விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், பாளையங்கோட்டை வெயில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் மங்கையர்க்கரசி டீச்சர் கேட்கிறார், கடைசியில அவ தொறந்துடுதா, ஏன் தொறக்கா, கற்பு என்று எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதுகிறேன், எழுத எழுத அந்த வாசல் என் வீட்டு வாசலாகிவிடுகிறது, அழைப்பு மணி அடிக்கிறது, வந்திருப்பது பாணன் இல்லை, தங்கபுஷ்பம் மயினி, என் கணவரின் அக்கா, கையில் பிச்சிப்பூப் பொட்டலம், தெருவில் நிற்கும் ஆட்டோவுக்குள் அவர், தென்காசியில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திவிட்டு, அது சலித்ததும் வந்திருக்கிறார், தான் வராமல் அக்காவை அனுப்புகிறார், இந்த வழக்கம் மட்டும் பாட்டிலிருந்து அப்படியே இருக்கிறது.

ஏளா, ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், வீடு தேடி வந்துட்டாம்லா, நீதான் மனசு எறங்கணும், என்கிறாள் மயினி, நான் காப்பி கொடுக்கிறேன், எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம், முடியாது என்றால் இந்தக் குடும்பத்தில் எனக்கென்று யார் இருப்பார்கள், பாட்டில் கதவைத் திறந்தவளுக்கும் இதே பயம் இருந்திருக்கும், அதற்குத்தான் நாங்கள் கற்பு என்று பெயர் வைத்தோமோ, வாய் தானாகக் கேட்டுவிட்டது, மயினி, நான் ஒருத்தன்கூடப் போயிட்டுத் திரும்பி வந்திருந்தா, எனக்காவ ஒங்க தம்பிகிட்ட இப்படிப் பேச வந்திருப்பீகளா. மயினி என்னைப் பார்த்தாள், திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டவில்லை, காப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. ஒங்க அண்ணாச்சிக்காவ எங்க மாமியா வந்து பேசுனா, நான் ஒண்ணும் கேக்கல, கேக்கலாம்னே எனக்குத் தெரியாது, என்று தன் புருஷனைப் பற்றி மெதுவாகச் சொன்னாள்.

பிறகு எழுந்து தெருவுக்குப் போனாள், நான் சன்னல் வழியாகப் பார்க்கிறேன், இப்போதும் பார்க்கிறேன், ஆட்டோவுக்குள் குனிந்து தம்பியிடம் சொல்கிறாள், நீ போலே, நான் இங்ஙன கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன். ஆட்டோ கிளம்பும்வரை அங்கேயே நின்றாள். உள்ளே வந்து கதவை அவளே சாத்தினாள்.