நல்லரத்தினம் எழுதாத வரி

என் புருஷன் கோணாமலையைக் கொண்டுபோனவனை எனக்கு நன்றாகத் தெரியும். துறையடி இராணுவ முகாம் கப்டன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்னிடம் இறால் வாங்குகிறவன்; பதம் கெட்டதைப் பொறுக்கித் திருப்பித் தருமளவு பழக்கம். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில், தோணியைக் கரையில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவரை என் கண்முன்னால்தான் ட்ரக்கில் ஏற்றினான்.

அரசாங்கக் கந்தோர் வாசலில் மனு, பெட்டிசம் எழுதும் நல்லரத்தினத்திடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருமுறையல்ல, நான்குமுறை. தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். என் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து ஒற்றினார். பிரதியை மடித்துத் தந்தார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் செட்டிபாளையத்தில் மாதர் சங்கம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்புத் தொடங்கியது. நாற்பத்துமூன்று வயதில் போய் உட்கார்ந்தேன். "இரத்தினம்மா டீச்சராகப் போறாவாம்" என்று சந்தையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வலைக் கிழிசல் பொத்துகிற கைக்கு ஒரு 'ஐ' எழுதுவது என்ன பெரிய காரியமா?

எட்டு மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்தது. முதல்வேலையாகத் தகரப்பெட்டியில் கிடந்த பிரதிகளை எடுத்தேன். "எனது கணவர் இனந்தெரியாத நபர்களால் கடத்தப்பட்டு..." விரலை வைத்து மூன்றுதரம் வாசித்தேன். கப்டன் இல்லை. முகாம் இல்லை. ட்ரக் இல்லை. நான்கு பிரதியிலும் அதே வரி. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் கொண்டுபோகப்பட்ட தன் மகனுக்காக நல்லரத்தினத்திடம் எழுதுவித்த பெட்டிசப் பிரதியையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதுதான். பாவி! நாங்கள் வாயால் சொன்னதை எங்கள் பெருவிரலைக்கொண்டே அழித்திருக்கிறான்.

விடிந்ததும் நான்கையும் அவன் மேசையில் போட்டேன்.

"கப்டன் எங்க?"

நான் வாசிப்பேன் என்று அவன் நினைக்கவே இல்லை. முகம் வெளிறிப்போயிற்று.

"இரத்தினம்மாக்கா, எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள். அவன எழுதினா நாளைக்கு என்னையும் ஏத்துவான். எல்லாருக்கும் இப்பிடித்தான் எழுதுறன்."

"பயமெண்டா பயமெண்டு சொல்லியிரிக்கலாமே. என்ட மனிசன ரெண்டாந்தரம் ஒளிச்சது நீதான்டா!"

 எனக்கு அழுகை வந்தது. ஆத்திரம் அதைவிட முந்தி வந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, கொண்டுபோனவன் யார் என்றாவது எழுத்தில் இருக்கவேண்டும். நல்லரத்தினத்தின் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து, அவன் பேனையாலேயே கொப்பித் தாளில் எழுதினேன். எழுத்துகள் நண்டு ஓடின தடம் மாதிரிக் கோணிக்கொண்டு போயின. ஆனால் கப்டன் இருந்தான், முகாம் இருந்தது, ட்ரக் இருந்தது.

கந்தோருக்குள் பெட்டிசம் எடுக்கிற ஐயா அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வில்லங்கமம்மா. 'இனந்தெரியாத' எண்டு மாத்திக்கொண்டு வாங்க, எடுக்கிறன். ஆரு இத எழுதித் தந்த?"

அவர் நீட்டின தாளை நான் வாங்கவில்லை. வீட்டுக்குப் போக அந்த முகாம் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். போகத்தான் போகிறேன்.

"நான்தான் எழுதின. கீழ பேர் கிடக்கு, ஊர் கிடக்கு, கையெழுத்துக் கிடக்கு. நான் ஒண்டும் இனந்தெரியாத ஆளில்ல. எடுத்ததுக்குச் சீலைக் குத்துங்க."

அவர் சீல் குத்தும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.