மலை எலிகளின் கூண்டுகள்

காலையிலிருந்தே மிசுஹோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புயல் மழையில் ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. கரையோர ஆய்வுக் குடிசையில் அவள் பிடித்துவைத்த எலிகள் இருந்தன. பாதி ஆற்று நாணலில் பிடித்தவை. பாதி மலைக்காட்டில் பிடித்தவை. எது எப்படி நீந்துகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை; சோதனை இன்னும் தொடங்கவில்லை.

உடன் வேலைபார்க்கும் கான்சுகேயுடன் அவள் போய்ச் சேர்ந்தபோது குடிசைக்குள் முழங்கால் அளவு தண்ணீர்.

“எல்லாத்தையும் தெறந்து விட்டுட்டு வா, போயிடலாம். எலிக்கு நீந்தவா தெரியாது?” என்றார் அவர்.

நாணல் எலிகளைத் திறந்துவிட்டாள். அவை மூக்கைத் தூக்கியபடி கதவு வழியே நேராக மேட்டை நோக்கிப் போயின.

“பாத்தியா, உன்னைவிட நல்லா நீந்துது.”

அந்தத் தைரியத்தில் ஒரு மலை எலியையும் விட்டாள். அது விட்ட இடத்திலேயே சுற்றியது. ரோமம் ஊறிக் கனத்து, தலை மூழ்கியது. மிசுஹோ பாய்ந்து அதைத் தொப்பியில் அள்ளினாள்.

“மிச்சக் கூண்டையெல்லாம் தூக்குங்க, கான்சுகே சான். இதுங்க ஆத்தையே பாத்ததில்ல.”

“எனக்கு ரெண்டு கைதான் இருக்கு.”

“அப்ப அடுக்கித் தூக்குங்க.”

முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினார். கூண்டுகளை நெஞ்சோடு அணைத்து இருவரும் சாலையில் நிறுத்தியிருந்த வண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். தொப்பியிலிருந்த எலி நடுங்கியபடி அவள் விரலைக் கடித்தது.

“நன்றி சொல்லுது,” என்று சிரித்தார் கான்சுகே.

அவள் சிரிக்கவில்லை. பார்வை வெள்ளத்திலேயே அலைந்தது.

“வண்டிய எடுக்காதீங்க.”

எதிர்மேட்டில் வளைந்த நாணலைப் பற்றி திறந்துவிட்ட எலிகளில் ஒன்று ஏறி, உடம்பை உதறியது. அவள் மூச்சுவிட்டாள். உடனே அடுத்ததைத் தேடத் தொடங்கினாள்.